தீவிர இரத்தப் புற்றுநோயும் வைத்தியரின் தொடர்கல்வியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வைத்தியர் கற்க வேண்டியதைப் பற்றி வாலிபர் சபையிலே பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். வைத்தியரின் கல்வி பின்தங்கினால் அதன் நட்டம் நமது பிள்ளைகளுக்கே. ஆதலால் இவ்விஷயம் துணுக்காய்ப் பகுதி மக்களாகிய நம் எல்லோருக்கும் உரியது.

நமது என்புகளின் மச்சையிலேதான் இரத்தக் குழியங்கள் உற்பத்தியாகின்றன. தீவிர இரத்தப் புற்றுநோயில் முதிராத வெண்குழியங்கள் கட்டுக்கடங்காது பெருகி, மற்றவற்றுக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. செங்குழியங்கள் குறைய உடல் வெளிறிக் களைப்பு மேலிடும். சிறுதட்டுக்கள் குறைய முரசிலே இரத்தம் கசியும். தோலிலே கண்டற் புள்ளிகள் தோன்றும். நல்ல வெண்குழியங்கள் குறையக் காய்ச்சல் விடாது பற்றும். கால் நோகிறதென்று சிறு பிள்ளைகள் நடக்க மறுப்பதும் உண்டு. சிகிச்சையின்றி விட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைக் கொள்ளும் வியாதி இது.

ஆயினும் இது தீராத வியாதியன்று. பொஸ்ரன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர், 16 பிள்ளைகளுக்கு அமினோப்தெரின் என்னும் மருந்தைக் கொடுத்துக் கண்ட பலனை 1948இலே வெளியிட்டார். 10 பிள்ளைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அம்மருந்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திர தேசத்திலே பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்ற எல்லாப்பிரகட சுப்பராவ் என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர், நம் வீட்டு முற்றங்களிலே பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் வழங்கும் செடியிலிருந்து வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. (செடியை அவித்துக் குடித்தல் வைத்தியமன்று, ஆபத்து.) இன்று செல்வந்த நாடுகளிலே, பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் நிணநீர்க்குழிய வகையில் 100க்கு 90 பேரளவில் குணமடைகின்றனர். எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்க்கையில் புற்றுநோயுற்ற பிள்ளைகளில் 100க்கு 60 பேராவது 2030க்குள் பிழைக்க வேண்டுமென 2018இலே உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது.

இவ்வளவு விரைவாக அறிவு வளரும் துறையிலே, பட்டம் பெற்ற நாளிற் கற்றது ஆயுட்காலம் முழுவதற்கும் போதுமா? மூன்று உதாரணங்களை நோக்குவோம்.

முதலாவது, நோயை அறிதல். காய்ச்சலும் சிறுதட்டுக் குறைவும் டெங்கிலும் உண்டு, இந்நோயிலும் உண்டு. டெங்கு தணிந்த பின்னரும் இரத்தக் கணிப்புச் சீராகாவிடின், இரத்தப் பூச்சை நுணுக்குக்காட்டியிலே பார்ப்பிக்க வேண்டும். காரணம் அறியாமல் பிரெட்னிசலோன் போன்ற மருந்தைக் கொடுத்தால் சில நாள் சுகம்போலத் தோன்றும். நோயின் அடையாளம் மறைந்து நிர்ணயமோ பிந்திவிடும்.

இரண்டாவது, காலத்தை இழவாமை. இந்நோயின் ஒரு வகையிலே முதல் நாட்களில் இரத்தப்பெருக்கே யமனாகும். சீன தேசத்து வைத்தியர்கள் விற்றமின் ஏ இனத்து மருந்தொன்றையும் ஆசனிக்கு மருந்தையும் இதற்குக் கண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் ஆசனிக்கைத் தனியே கொடுத்துப் பெற்ற நற்பலனை 2006இலே வெளியிட்டனர். இவ்வகையெனச் சந்தேகம் எழுந்தவுடனேயே, இறுதிப் பரிசோதனை வரும்வரை காத்திராது, அவ்விற்றமின் இன மருந்தைத் தொடங்க வேண்டும். இதை அறிந்த வைத்தியர் கையிலே அந்நோயாளி பெரும்பாலும் பிழைப்பார். அறியாதவர் கையிலே அவர் கதி என்ன?

மூன்றாவது, மருந்தேற்றும் முறை. வின்கிறிஸ்ரின் நாளத்தினூடாக மட்டுமே செல்லவேண்டியது. முள்ளந்தண்டினுள் ஏற்றினால் பெரும்பாலும் மரணமே. அதே நோயாளிக்கு வேறொரு மருந்து முள்ளந்தண்டினுள் ஏற்றப்படுவதனால் பல நாடுகளில் இத்தவறு நேர்ந்தது. எனவே, அதனை ஊசிக்குழலில் அன்றிச் சிறு சேலைன் பையிலே கலந்து கொடுக்குமாறு 2007இலே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. இப்பாடம் வைத்தியருக்கு மட்டுமன்று. மருந்தைக் கலப்பவருக்கும் தாதியருக்கும் வேண்டியது. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்காக வகுத்த வள்ளுவரும் இதனை உணர்ந்தவரே.

2013இலே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டமை வடபகுதிக்குப் பெரும் பேறு. ஆனால் துணுக்காயிலுள்ள தாயொருத்தி மாங்குளம் சென்று, கண்டி வீதியேறி, கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் கடந்தே அங்கு சேரவேண்டும். சிகிச்சையின் நடுவே வீடு வந்திருக்கும் பிள்ளைக்கு இரவிலே காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரத்துள் கிருமிகொல்லி மருந்து ஏறவேண்டும். அவ்வேளை அவள் ஓடக்கூடிய இடம் மல்லாவி வைத்தியசாலையே. ஆகவே தொடர்கல்வி மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் நின்றுவிடாது, கடைசி வைத்தியசாலை வரையும் வருதல் வேண்டும். பெரிய வைத்தியசாலை நிபுணர்கள் மாதமொருமுறை காணொளி மூலம் நோயாளர் விவரங்களைக் கிராம வைத்தியரோடு ஆராயலாம். காய்ச்சல் வந்தால் செய்யவேண்டியதை ஒரு தாளிலே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு பெற்றோர் கையிலும் கொடுக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து நூல்களும் ஆக்கினார். அன்று கைகூடியது இன்று கைகூடாதா?

வாலிபர்களே, உங்களுக்கும் கடமையுண்டு. இந்நோயாளருக்கு இரத்தமும் சிறுதட்டுக்களும் அடிக்கடி தேவை. முறையாக இரத்ததானம் செய்யுங்கள். தூர வைத்தியசாலைக்குச் செல்வோருக்கு வழித்துணையாகுங்கள். வைத்தியராகவோ தாதியராகவோ வரவிரும்புவோர், பட்டம் கல்வியின் வாயிற்படியே என்பதை இன்றே மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். பெரியோர்களே, கற்கச் செல்லும் வைத்தியர் ஒருநாள் இங்கில்லையென்று குறைகூறாதீர்கள். அவர் கொண்டுவருவது நம் பிள்ளையின் உயிராகவும் இருக்கலாம்.