பாட்டரி வண்டியைப் பேணுதல்

ஓசையின்றி ஓடும் ஒரு சிறு வண்டியைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். அதற்குக் கதவுகள் இல்லை; புகை இல்லை; இரைச்சல் இல்லை. மேலே ஒரு கூரையும், கீழே சில இருக்கைகளும், சிறிய நான்கு சக்கரங்களும் உண்டு. சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தில் முதியோரை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து வரும் இவ்வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் சென்றவர்கள் அதில் ஏறிச் சுற்றியும் பார்த்திருக்கலாம். பொதுமக்கள் அதனைப் பாட்டரி கார் என்று அழைக்கின்றனர்.

இவ்வண்டி வளர்ந்த இடம் கோல்ப் ஆட்டக்களம். பதினெட்டுக் குழிகள் கொண்ட அக்களத்தை ஒரு முறை சுற்றிவர ஆறேழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதுமையாலும் உடல் தளர்ச்சியாலும் அவ்வளவு தொலைவு நடக்க இயலாதவர்களுக்கு உதவியாக, 1950களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மின்வண்டிகள் பரவத் தொடங்கின. ஜார்ஜியா மாநிலத்து அகஸ்தா நகரில் 1954ஆம் ஆண்டு தோன்றிய ஈஸி-கோ நிறுவனம் இத்தொழிலில் பெயர் பெற்றது. ஆட்டக்களத்தை விட்டு வெளியே வந்த பிறகும் வண்டியின் பணி மாறவில்லை. நடக்க முடியாதவரைச் சுமப்பதே இன்றும் அதன் பணி. ஆகவே அது பழுதுற்று நின்றால், முதலில் இன்னலுறுபவர் நடக்க முடியாதவரே.

இதனை நான் கண்கூடாகக் கண்டேன். பொறியியல் படிப்பை முடித்த புதிதில், ஒரு பெரிய மருத்துவமனையின் வாகனக் கொட்டகையில் பணியாற்றினேன். வாயிலிலிருந்து புறநோயாளர் பிரிவு வரை நோயாளிகளைக் கொண்டுசெல்லும் மின்வண்டிகள் அங்கே இருந்தன. ஒரு நாள் காலையில் அவற்றுள் ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. முழங்கால் வீங்கிய மூதாட்டி ஒருவர் அதிலிருந்து இறங்கி, மகளின் தோளைப் பற்றிக்கொண்டு, மிச்ச வழியை வெயிலில் நடந்தே கடந்தார். அவர் நடந்து சென்ற காட்சி என்னைச் சுட்டது.

வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு பாட்டரிகளும் நான்காண்டுப் பழையவை. ‘ஆறையும் மாற்றுக’ என்று அறிக்கை எழுத அமர்ந்துவிட்டேன். கொட்டகையில் நீண்ட காலம் உழைத்த மூத்த தொழிலாளர் ஒருவர் அருகில் வந்து நின்றார். “தம்பி, எழுதுவதற்கு முன்னால் அளந்து பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் அளக்கவில்லை. “இல்லை, ஐயா” என்றேன்.

அவர் என்ன அளந்தார் என்பதை அறிய வேண்டுமானால், பாட்டரியின் உள்ளே நடப்பது என்ன என்பதை நாம் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈயப் பாட்டரியை 1859ஆம் ஆண்டு கண்டுபிடித்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே. அதன் ஒவ்வோர் அறையிலும் இருவகைத் தகடுகள் உண்டு. ஒன்று ஈயம், மற்றொன்று ஈய டையாக்சைடு பூசியது. இரண்டும் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளியேறும்போது திராவகத்திலுள்ள கந்தகக் கூறு தகடுகளில் சேர்ந்து ஈய சல்பேட்டாகிறது, திராவகம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்யும்போது அக்கூறு மீண்டும் திராவகத்துக்கே திரும்புகிறது. எனவே திராவகத்தின் அடர்த்தியை அளந்தால், அந்த அறையில் எவ்வளவு மின்னாற்றல் எஞ்சியிருக்கிறது என்று கூறிவிடலாம். முழுமையாக ஏற்றிய அறையில் ஒப்படர்த்தி 1.27 அளவில் இருக்கும். முற்றும் தீர்ந்த அறையில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும்.

ஓர் அறை தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட். மூன்று அறைகள் சேர்ந்தது ஒரு 6 வோல்ட் பாட்டரி. அத்தகைய ஆறு பாட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 36 வோல்ட் கிடைக்கும். எங்கள் வண்டியில் இருந்த அமைப்பு இதுவே. ஆக, அங்கே பதினெட்டு அறைகள் தொடராக இணைந்திருந்தன. தொடர் இணைப்பில் எல்லா அறைகளின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் செல்ல வேண்டும். பதினேழு அறைகள் நலமாக இருந்தும் பதினெட்டாவது அறை சோர்ந்துவிட்டால், வண்டி முழுவதுமே சோர்ந்துவிடும்.

அந்தத் தொழிலாளர் முதலில் வோல்ட்மானியை எடுத்தார். வண்டியை இழுக்கச் செய்து, பாரம் உள்ள நிலையில் ஒவ்வொரு பாட்டரியாக அளந்தார். ஐந்து பாட்டரிகள் 6 வோல்ட்டை ஒட்டி நின்றன. பின்புற மூலையில் இருந்த ஒன்று மட்டும் 4 வோல்ட்டுக்கு இறங்கியது. பாரமில்லாமல் அளந்திருந்தால் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது. பின்னர் ஒப்படர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் கொண்டுவந்தார். அது ஒரு கண்ணாடிக் குழாய். மேலே ரப்பர்க் குமிழும் உள்ளே மிதவையும் உண்டு. அறை அறையாகத் திராவகத்தை உறிஞ்சி அளந்துகொண்டே வந்தார். மூலைப் பாட்டரியின் கடைசி அறைக்கு வந்ததும் குமிழை அழுத்தி விட்டார். குழாயில் எதுவும் ஏறவில்லை. அந்த அறை வறண்டு, தகடுகள் வெளியே தெரிந்தன.

அது வறண்டதற்குக் காரணம் வியப்பானதன்று. அந்த மூலையில் இருக்கைச் சட்டத்தின் இரும்பு குறுக்கே வந்து மறைத்தது. நீர் ஊற்றுபவரின் கை அங்கே எளிதில் எட்டாது. எட்டிய அறைகளுக்கெல்லாம் ஊற்றினார்கள்; எட்டாத அறையை விட்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் இப்படியே நடந்திருக்கிறது. என் அறிக்கையின்படி ஆறு புதிய பாட்டரிகளை வைத்திருந்தாலும், அதே மூலையில் அதே அறை மீண்டும் வறண்டிருக்கும்.

வறண்ட அறையில் நீர் ஊற்றி மெதுவாக மின்னேற்றிப் பார்த்தோம். காற்றுப்பட்ட தகடுகள் மீளவில்லை. அச்சு முறிந்து ஓய்ந்திருந்த வேறொரு வண்டியில் அதே வயதுள்ள பாட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தது. அதனை எடுத்து மாட்டினோம். புதியதை வைக்காமல் ஒத்த வயதுடையதை ஏன் தேடினோம் என்று கேட்பீர்கள். பழைய ஐந்தோடு புதிய ஒன்றைச் சேர்த்தால், அவற்றின் கொள்திறன் ஒத்துப்போகாது; மின்னேற்றத்திலும் சமநிலை கெடும்; புதியதும் விரைவில் முதுமை அடையும். மாலையில் வண்டி ஓடியது. என் அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். இருக்கைச் சட்டத்தின் அந்தக் குறுக்கு இரும்பைக் கழற்றி மாட்டும்படி அமைக்க வேண்டும் என்பதே அதில் முதல் வரி.

அன்று முதல் நான் கடைப்பிடித்து வரும் சில முறைகளைக் காரணத்தோடு கூறுகிறேன். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த முறை நெருக்கடியில் கைகொடாது.

முதலாவது நீர். மின்னேற்றத்தின் முடிவில் திராவகத்திலுள்ள நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வெளியேறுகிறது. நம் நாட்டு வெயிலில் சிறிது ஆவியாகவும் போகிறது. குறைவது நீர்தான், திராவகம் அன்று. ஆகவே நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள இரும்பும் உப்பும் தகடுகளைக் கெடுத்துவிடும். மின்னேற்றத்தை முடித்த பின்பே உரிய மட்டம் வரை நிரப்ப வேண்டும். ஏற்றும்போது திராவகம் விரிந்து குமிழியிட்டு உயர்வதால், முன்னரே நிரப்பினால் வழிந்து வெளியேறிவிடும். ஆயினும், ஏற்றுவதற்கு முன் தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது மின்னேற்றம். வண்டி ஓடிய நாளன்றே முழுமையாக ஏற்றிவிட வேண்டும். தீர்ந்த நிலையில் விட்டுவைத்தால் தகடுகளில் படிந்த ஈய சல்பேட்டு இறுகிப் பெரிய படிகங்களாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அது கரையாது. மின்னாற்றலை அடிவரை வற்றவிடாமல், பாதியளவு செலவானதும் ஏற்றி வந்தால் பாட்டரியின் ஆயுள் நீளும். விடுமுறையில் வண்டியை நிறுத்திவைப்போர் இதனை மறந்துவிடுகிறார்கள். நிற்கும் பாட்டரியும் சிறிது சிறிதாகத் தன் மின்னாற்றலை இழந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது இணைப்புகள். பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் பொடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது மின்னோட்டத்துக்குத் தடை. தளர்ந்த இணைப்பும் அவ்வாறே. இத்தடையால் முனை சூடேறி, ஈயமே உருகிப்போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சமையல் சோடாவை நீரில் கரைத்துத் தூரிகையால் துலக்கி, நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவ வேண்டும். சோடாக் கரைசல் ஒரு துளியும் அறைக்குள் விழலாகாது. விழுந்தால் உள்ளிருக்கும் திராவகத்தின் வலிமையை அது குலைத்துவிடும். ஆகவே மூடிகளை நன்கு மூடிய பின்பே துலக்க வேண்டும்.

பாட்டரிகள் நலமாயிருந்தும் வண்டி நகரவில்லையானால், இருக்கைக்கு அடியில் காது கொடுத்துக் கேளுங்கள். மிதியை அழுத்தும்போது ‘டக்’ என்ற ஓசை எழும் வகை வண்டிகளில், அது சொலினாய்டு என்னும் மின்காந்த இணைப்பி மூடும் ஓசை. ஓசை இல்லையென்றால் சாவி, மிதிக்குக் கீழுள்ள சிறு விசை, அவற்றின் கம்பிகள் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். ஓசை கேட்டும் வண்டி நகரவில்லையென்றால் இணைப்பியின் தொடுமுனைகளையும், கட்டுப்படுத்தும் கருவியையும், பழைய வகை மோட்டாரானால் அதன் கார்பன் தூரிகைகளையும் பார்க்க வேண்டும். வண்டி நகர்ந்தும் தொலைவு குறைந்துபோனால் பாட்டரியை மட்டும் குறை கூறாதீர்கள். காற்றுக் குறைந்த சக்கரமும், விடாமல் உரசும் தடையும் மின்னாற்றலைத் தின்றுவிடும்.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்னேற்றத்தில் எழும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே மின்னேற்றும் கொட்டகையில் காற்று தாராளமாக உலவ வேண்டும். பீடியும் தீக்குச்சியும் அணுகலாகாது. அறைக்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சி கிழித்தவரின் முகத்தில் திராவகம் தெறிக்கலாம், கைவிளக்கையே பயன்படுத்துங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுக் கண்ணாடி அணிந்துகொண்டே வேலை தொடங்குங்கள். 36 வோல்ட்தானே என்று எண்ணாதீர்கள். இரு முனைகளுக்குக் குறுக்கே ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு செஞ்சூடாகிவிடும். திராவகம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடவேண்டும்.

இன்று பல மின்வண்டிகளில் லித்தியம் பாட்டரிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு நீர் ஊற்றும் வேலையில்லை, எடையும் குறைவு. ஆயினும் அவற்றிலும் பல அறைகள் தொடராகவே இணைந்துள்ளன. ஒவ்வோர் அறையையும் ஒரு மின்னணுச் சுற்று இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. எங்கள் கொட்டகையில் அந்த மூத்த தொழிலாளர் செய்த வேலையைத்தான் அச்சுற்று செய்கிறது. பழைய ஈயப் பாட்டரிகளோ இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. ஆயுள் முடிந்தபின் அவற்றைத் தெருவோரம் உடைத்து ஈயம் உருக்குவது கொடிய நஞ்சைப் பரப்பும் செயல். ஈயத்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். உரிய மறுசுழற்சியாளரிடமே அவற்றைச் சேர்க்க வேண்டும். இதனை ஒழுங்குபடுத்தும் விதிகளை இந்திய அரசு 2001இலும், பின்னர் விரிவாக 2022இலும் வகுத்துள்ளது.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ இத்தகைய வண்டி ஒன்று இருக்கலாம். இயன்றால், பொறுப்பாளரின் அனுமதி பெற்று, ஒரு குறிப்பேடு தொடங்கிப் பாருங்கள். பாட்டரிகளுக்கு எண்ணிட்டு, அறை ஒவ்வொன்றின் ஒப்படர்த்தியையும் மாதம் ஒரு முறை தேதியோடு எழுதி வாருங்கள். நான்கைந்து மாதங்களில் எந்த அறை பின்தங்குகிறது என்பதை ஏடே காட்டிவிடும். வண்டி வழியில் நிற்கும் முன்பே நீங்கள் அறிந்துவிடலாம். எங்கள் கொட்டகையில் அப்படி ஓர் ஏட்டைத் தொடங்கினோம். அதன் முதல் பக்கத்தில் முதலாவதாக எழுதப்பட்டது அந்த மூலை அறையின் எண்தான். அந்த எண்ணைத் தம் கையாலேயே எழுதியவர், அளந்து பார்த்தீர்களா என்று என்னைக் கேட்ட அந்தப் பெரியவர்.