நடுவில் குழிந்த கேக்



"உன் சாதனையைப் பற்றிப் பேசு" என்றார்கள். நான் ஒரு கேக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க!

2009-ல் நாங்கள் நாலு பேர் வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். ஒருவனுக்கு 3 பேப்பர் போய்விட்டது. பெட்டி கட்டிவிட்டான், விடிந்தால் ஊருக்கு. திரும்பி வருகிற எண்ணமே இல்லை. அன்றைக்குத்தான் அவன் பிறந்தநாள்.

கடையில் கேக் வாங்கக் காசில்லை. ஒன்றரைக் கப் மைதா, 3 ஸ்பூன் கோகோ, ஒரு கப் சர்க்கரை, தயிர், எண்ணெய், சமையல் சோடா. குக்கர் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தேன். 40 நிமிடம் ஆகணும். பொறுமையில்லாமல் 20-வது நிமிடமே மூடியைத் திறந்தேன். தயிரும் சோடாவும் சேர்ந்து உண்டாக்கும் வாயுதான் மாவை மேலே தூக்குகிறது. மாவு வெந்து இறுகுமுன் சூடு குறைந்தால் நடுப்பகுதி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது!

ஆறியபின் குழியில் சாக்லேட்டை உருக்கி ஊற்றி, மேலே ஜெம்ஸ் மிட்டாயாக அடுக்கினோம்.

"கேக்கும் ஃபெயிலாடா?" என்றான்.

"அரியர்டா. எழுதி கிளியர் பண்ணியாச்சு" என்றேன்.

அந்த மாதத்தில் அவன் சிரித்தது அன்றுதான். விடிய விடியப் பேசினோம். காலையில் பெட்டியைப் பிரித்தான். 3 பேப்பரையும் அடுத்த வருஷமே முடித்தான். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறான். பேரைச் சொன்னால் அடிப்பான்!

தம்பி தங்கைகளே, பக்கத்து ரூமில் யாராவது பேசாமல் பெட்டி கட்டினால் கதவைத் தட்டுங்கள். கேக் நன்றாக வரவேண்டும் என்பதில்லை.