தம் வேலையின் குறையைத் தாமே சொன்ன தச்சர்



பட்டமளிப்பு விழா மேடையில் பேச வருகிறவர்கள் மகாஞானிகளையோ ராஜதந்திரிகளையோ உதாரணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். முறையான பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்க எதையும் பெறாமல், தகப்பனாரிடம் கற்ற தச்சுத் தொழிலையே மூலதனமாகக் கொண்டு, எண்பத்து மூன்று வயதுவரை உழைத்து வாழ்ந்த ஒரு கிருஹஸ்தரைப் பற்றிச் சொல்ல நான் உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். அவர் பெயர் ஜான் ஹாரிசன். 1693-இல் இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த ஃபௌல்பி என்னும் சிற்றூரில் பிறந்து, சிறு பிராயத்திலேயே லிங்கன்ஷயரில் ஹம்பர் நதிக்கரையிலுள்ள பாரோ என்ற கிராமத்துக்குக் குடிவந்தவர்.

ஏறத்தாழ 1712-ஆம் வருஷத்தில், அவ்வூருக்கு வந்த பாதிரியார் ஒருவர், கேம்பிரிட்ஜில் கணிதம் போதித்த சாண்டர்சன் என்ற பார்வையற்ற பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கொண்ட கையெழுத்துப் பிரதி ஒன்றை இந்தத் தச்சு இளைஞருக்கு இரவல் கொடுத்தார். அதை வாங்கிய ஹாரிசன், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு திருப்தியடையாமல், படங்கள் உட்பட முழுவதையும் தம் கையாலேயே எழுதிப் படியெடுத்துக்கொண்டார்; பிறகு பல வருஷங்கள் அதன் ஓரங்களில் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு பிரதிதான் அவருக்குச் சர்வகலாசாலை.

1713-இல், இருபதாவது வயதில், அவர் செய்த முதல் கடிகாரத்தின் சக்கரங்கள் மரத்தால் ஆனவை. பித்தளைக்கு வசதியில்லை என்பது மட்டுமன்று, மரத்தை அவர் அறிந்திருந்தார். பல் முறியாதிருக்க வேண்டுமானால் மரத்தின் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும், எந்த ஓக் மரம் வேகமாக வளர்ந்தது, எது மெதுவாக வளர்ந்தது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த அறிவு. பின்னர் பிராக்கிள்ஸ்பி மாளிகையின் கோபுரத்துக்குக் கடிகாரம் செய்தபோது, குளிரில் உறைந்தும் வெயிலில் இளகியும் தொல்லை கொடுத்த அக்காலத்து எண்ணெயை எப்படிச் சீர்திருத்துவது என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவரோ எண்ணெயே வேண்டாதபடி, தன்னிலிருந்தே நெய்ப்பைக் கசியவிடும் லிக்னம் வைட்டே என்ற வைரம் பாய்ந்த மரத்தில் அதன் உராயும் பாகங்களைச் செய்தார். பட்டறையில் நின்றவருக்கே இது தோன்றும். புத்தகம் மட்டும் படித்தவருக்குத் தோன்றுவது அரிது என்பது என் அபிப்பிராயம்.

அக்கடிகாரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பரீட்சிக்க அவரிடம் வானசாஸ்திரக் கருவிகள் இல்லை. தம் வீட்டு ஜன்னல் சட்டத்தின் விளிம்பையும் அண்டை வீட்டுப் புகைபோக்கியையும் இரண்டு குறிகளாக வைத்துக்கொண்டு, குளிர் இரவுகளில் குறித்த நட்சத்திரம் புகைபோக்கிக்குப் பின்னே மறையும் கணத்தைக் கவனித்தார். ஒரு நட்சத்திரம் முந்தைய இரவைவிட 3 நிமிஷம் 56 விநாடி முன்னதாக மறையும் என்ற கணக்கோடு கடிகாரத்தை ஒப்பிட்டு, மாதத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் அது பிசகவில்லை என்று எழுதிவைத்தார்.

இனி கடலுக்கு வருவோம். நடுக்கடலில் கப்பல் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்பதைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ கொண்டு அறிந்துவிடலாம். தீர்க்கரேகையை அறியும் வழிதான் அந்நாள் மாலுமிகளுக்கு இல்லை. 1707-இல் ஸில்லி தீவுப் பாறைகளில் ஆங்கிலேயரின் நான்கு போர்க்கப்பல்கள் மோதி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் பார்லிமெண்ட், தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கண்டறியும் முறைக்கு 20,000 பவுன் சன்மானம் என்று சட்டம் இயற்றியது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகிறது. ஆகவே புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் கப்பலில் மாறாமல் காட்டும் கடிகாரம் ஒன்று இருந்தால் போதும். ஆனால் ஆறு வாரப் பிரயாணத்தின் முடிவில் அரைப் பாகைக்குள் அடங்க வேண்டுமானால், அலைகளின் ஆட்டத்திலும் உஷ்ண மாறுதலிலும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று விநாடிக்கு மேல் பிசகலாகாது.

1730 வாக்கில் ஹாரிசன் லண்டனுக்குச் சென்றார். வானசாஸ்திரி ஹாலி அவரைப் புகழ்பெற்ற கடிகாரச் சிற்பி ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். காலை பத்து மணிக்குத் தொடங்கிய அவர்களுடைய சம்பாஷணை இரவு எட்டு மணிவரை நீண்டது. முடிவில் கிரஹாம், தமக்குப் போட்டியாகக்கூடிய இந்தக் கிராமத்தாருக்கு, வட்டியில்லாமல் பணம் கொடுத்து அனுப்பினார். தொழிலாளிக்குத் தொழிலாளி செய்த உபகாரங்களில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

தம்பி ஜேம்ஸின் துணையோடு ஐந்து வருஷம் உழைத்துச் செய்த முதல் கடற்கடிகாரம் 75 ராத்தல் எடை. 1736-இல் அது லிஸ்பனுக்குப் போய்த் திரும்பியது. திரும்பும் வழியில், கரையில் தெரிந்த முனை எது என்பதில் கப்பலோட்டியின் கணக்கு தவறு, ஹாரிசனின் கணக்கே சரி என்று நிரூபணமாயிற்று. 1737-இல், அந்தச் சட்டப்படி அமைந்த சன்மானக் குழுவினர் முதன்முறையாகக் கூடி அவரை வரவழைத்தனர். அந்தச் சபையில் அவர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு சோதனைப் பிரயாணம் கேட்டு 20,000 பவுனுக்கு வாதாடியிருக்கலாம். கடிகாரத்தைக் குறை கூறியவர் அங்கே ஒருவருமில்லை. குறை கூறியவர் அவர் ஒருவர்தாம். தம் கடிகாரத்தில் இன்னின்ன குறைகள் உள்ளன, இதனினும் சிறந்தது ஒன்று செய்ய 500 பவுன் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குத் திரும்பினார். இரண்டாவதையும் முடித்தபின் அதிலும் ஒரு தோஷத்தைக் கண்டு, அதைக் கடலுக்கு அனுப்பாமலே ஒதுக்கினார். மூன்றாவது, பத்தொன்பது வருஷங்களை விழுங்கிற்று. அவர் நினைத்தபடி அமையவுமில்லை. ஆயினும், உங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இரட்டை உலோகத் தகடு, அந்தப் பத்தொன்பது வருஷ முயற்சியில் அவர் கண்டுபிடித்தது.

அத்தனை வருஷங்கள் அந்த வீடு எப்படி நடந்திருக்கும் என்பதை எண்ணாமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை. முதல் மனைவி 1726-இல் இறந்தார். அதே வருஷம் மணந்த இரண்டாம் மனைவி எலிசபெத், ஐம்பது வருஷ காலம், குழு மனமிரங்கி அவ்வப்போது தந்த தொகையை நம்பி வாழ்ந்த அந்தக் குடும்பத்தைத் தாங்கினார். மூத்த மகன் வாலிபப் பருவத்திலேயே காலமானான். இளைய மகன் வில்லியம் தந்தையின் வேலைக்கே தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுத்தார்.

1753-இல் ஜெஃப்ரீஸ் என்ற லண்டன் கைவினைஞர் தம் சொற்படி செய்துகொடுத்த சட்டைப்பைக் கடிகாரம் எதிர்பாராத ஒழுங்கோடு ஓடுவதைக் கண்ட ஹாரிசன், அறுபதாவது வயதில், தாம் முப்பது வருஷமாகக் கொண்டிருந்த கொள்கையையே கைவிட்டார். பெரிய யந்திரங்களை விட்டு, 1759-இல் ஐந்தங்குல விட்டமும் மூன்று ராத்தல் எடையும் கொண்ட நாலாவது கடிகாரத்தைச் செய்து முடித்தார். 1761-இல் வில்லியம் அதைச் சுமந்துகொண்டு ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். மதீரா தீவு மறுநாள் காலை தெரியும் என்று அவர் சொன்னதைக் கப்பல் தலைவர் நம்பவில்லை; தீவு தெரிந்தது. எண்பத்தொரு நாளில் அக்கடிகாரம் ஐந்து விநாடியே பின்தங்கியிருந்தது.

சன்மானம் மட்டும் வரவில்லை. தற்செயலாயிருக்கலாம் என்று குழு மறு சோதனை கேட்டது. அதிலும் தேறியபின் பாதித் தொகைக்கே இசைந்து, கடிகாரங்கள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொன்னது. சந்திரனின் இருப்பைக் கொண்டு தீர்க்கரேகை காணும் முறையில் நம்பிக்கை வைத்திருந்த வானசாஸ்திரி மாஸ்கெலின் 1766-இல் அவற்றை எடுத்துப்போக வந்தபோது, முதல் கடிகாரத்தை ஆட்கள் கீழே போட்டுவிட்டார்கள். மாஸ்கெலினைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் முறையும் உண்மையான முறையே, பல்லாண்டு மாலுமிகளுக்கு உதவியதே. ஆனால் ஒரு மனிதனின் முப்பது வருஷ உழைப்பை இன்னும் பயபக்தியோடு தூக்கியிருக்கலாம்.

எழுபத்தொன்பதாவது வயதில் ஹாரிசனின் ஐந்தாவது கடிகாரத்தை மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தம் சொந்த வானசாஸ்திர நிலையத்திலேயே சோதித்தார். 1773-இல் பார்லிமெண்ட் 8,750 பவுன் அளித்தது. நாலாவது கடிகாரத்தைப் பார்த்துக் கெண்டல் என்ற கடிகாரச் சிற்பி செய்த பிரதியைத் தம் இரண்டாம் கடற்பிரயாணத்தில் கொண்டுசென்ற காப்டன் குக், 1775-இல் அதைப் போற்றிக்கொண்டே திரும்பினார். அதைக் கேட்கும்வரை அந்தத் தச்சர் உயிரோடிருந்தார் என்பது எனக்குப் பெரும் ஆறுதல்.

1776 மார்ச் 24-ஆம் தேதி, தம் பிறந்தநாளன்றே, லண்டனில் அவர் காலமானார். ஹாம்ஸ்டெட் தேவாலய வளாகத்தில் அவரை அடக்கம் செய்த இடத்திலேயே மறு வருஷம் எலிசபெத்தும், 1815-இல் வில்லியமும் அடக்கமாயினர். காலத்தால் பழுதடைந்த அந்தக் கல்லறையை 1879-இல் லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கம் தன் செலவில் புதுப்பித்துக் கட்டியது. ஹாரிசன் ஒருநாளும் அந்தச் சங்கத்தில் அங்கத்தினராக இருந்தவரல்லர்.