சிறு படமும் பெரும் பொறுப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடை என்றால் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். அதற்குரிய புலமை படைத்த பெரியோர்கள் நமக்கு முன்னரே பேசி அமர்ந்துவிட்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நமக்குச் செயலாளர் அவர்கள் வேறொரு பொருளைத் தந்திருக்கிறார்கள். யூடியூப்பில் நம் சங்கம் ஏற்றிவரும் காணொளிகளுக்கு முகப்புப் படம் அமைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து அப்பணியைக் கவனித்து வருகிறோம் என்ற ஒரே உரிமையால் இதனை ஏற்றுக்கொண்டோம்.

முகப்புப் படம் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் தம்ப்நெயில் என்பர். கட்டைவிரல் நகம் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். கைப்பேசியைத் திறந்தால் காணொளிகள் வரிசை வரிசையாகத் தோன்றுகின்றன அல்லவா? ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக ஒரு சிறு படம் முன்னே நிற்கிறது. பத்திரிகைக்கு அட்டைப்படம் எப்படியோ, கடைக்குப் பெயர்ப்பலகை எப்படியோ, அப்படியே காணொளிக்கு இந்தப் படம். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் அதைக் கண்டு ஒரு கணம் நிற்கிறார். உள்ளே செல்வதா, மேலே தள்ளிவிடுவதா என்று அக்கணத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்.

இஃது விளம்பரக்காரர்களின் கவலையாயிற்றே, சங்கத்திற்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இட்டார்சியில் வாழும் நம் குழந்தைகள் பள்ளியில் பயில்வது இந்தியும் ஆங்கிலமும். தெருவில் பேசுவதும் இந்தியே. தமிழெழுத்தைக் கண்ணால் காண அவர்களுக்கு வாய்த்த இடங்கள் இரண்டே: ஒன்று வீடு, மற்றொன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பு. ரயில்வே உத்தியோகத்தில் மாற்றல் தவிர்க்க முடியாதது. போபாலுக்கும் ஜபல்பூருக்கும் கோட்டாவுக்கும் சென்றுவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இல்லை. அவர்களை எண்ணியே நம் ஆசிரியை அம்மையார் பாடங்களைக் காணொளியாகப் பதிவு செய்து தருகிறார்கள்.

அப்படிச் சிரமப்பட்டு எடுத்த பாடத்திற்கு நாமே படம் அமைத்துக் கொடுக்காவிட்டால், இயந்திரமே காணொளியின் நடுவிலிருந்து ஏதோ ஒரு காட்சியைப் பிடித்து முகப்பில் நிறுத்திவிடும். இயந்திரத்திற்கு நம் ஆசிரியையிடம் மரியாதை ஏது? கண் பாதி மூடியும் வாய் பாதி திறந்தும் இருக்கிற கணம் அகப்பட்டால் அதையே எடுத்துக்கொள்ளும். அருமையான பாடம் அந்த முகப்போடு கிடந்தால், அதைத் திறந்து பார்க்க ஒரு குழந்தைக்கு எப்படி ஆவல் பிறக்கும்?

நல்ல முகப்புப் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. நம் பிளாட்பாரத்திலேயே அதற்கு இலக்கணம் இருக்கிறது. மஞ்சள் நிறப் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதப்பட்ட ஸ்டேஷன் பெயரை நாள்தோறும் காண்கிறோம். ஓடுகிற வண்டியின் ஜன்னலிலிருந்து பார்க்கிறவரும் படிக்கவேண்டும் என்பதற்காக அமைந்த பலகை அது. அதில் பூவேலை இல்லை. ஊரின் வரலாறு இல்லை. பெயர் இருக்கிறது, பெரிதாக இருக்கிறது, பின்புறத்து நிறத்தினின்றும் பளிச்சென்று பிரிந்து தெரிகிறது. இங்கே வண்டி நகர்கிறது, அங்கே விரல் நகர்கிறது என்பதே வேற்றுமை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலத்துக்கும் உயரத்துக்கும் 16க்கு 9 என்ற விகிதம் யூடியூப் பரிந்துரைப்பது. அகலம் 640 புள்ளிக்குக் குறையலாகாது. படத்தின் வலப்புறக் கீழ்மூலையில் காணொளியின் கால அளவு தானாகவே வந்து அமர்ந்துகொள்ளும். ஆதலால் முக்கியமான எழுத்தையோ முகத்தையோ அந்த மூலையில் வைக்கக் கூடாது. சிவப்பெழுத்தைப் பச்சைப் பின்னணியில் எழுதுவதும் ஆகாது. அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத கண்களும் உலகில் உண்டு. வண்டி ஓட்ட வருகிறவர்களுக்கு நிறப் பார்வைப் பரிசோதனை எதற்காக என்பதை இக்காலனியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தமிழெழுத்துக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு. நம் எழுத்துகளுக்கு மேலே கொக்கி, கீழே வளைவு, தலையில் புள்ளி. மெல்லிய எழுத்தில் நான்கு வரிகளை நெருக்கி எழுதிவிட்டுப் படத்தை நக அளவுக்குச் சுருக்கினால், முதலில் மறைவது புள்ளிதான். புள்ளி போனால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். ‘மண்’ என்பது ‘மண’ ஆகிவிடும். எனவே தடித்த எழுத்து வேண்டும். சொற்கள் மூன்று அல்லது நான்குக்கு மேற்படாமல் இருக்கவேண்டும். ‘நமது சங்கத்தின் பொங்கல் விழாச் சிறப்பு நிகழ்ச்சிகளின் தொகுப்பு, முதற்பகுதி’ என்பதெல்லாம் அழைப்பிதழுக்கு அழகு. படத்தில் ‘பொங்கல்’ என்ற ஒரே சொல் போதும். மற்றவற்றைக் கீழே உள்ள தலைப்பு வரி சுமந்துகொள்ளும். படம் முடிந்ததும் கைப்பேசியைக் கை நீளத்திற்குத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி அணியாமலே படிக்க முடிந்தால் தேர்ச்சி.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பற்றி ஆசிரியை அவர்கள் ஒரு பாடம் எடுத்தார்கள். அதற்கு நம் இளைஞர்கள் அமைத்த படத்தில் மஞ்சள் பின்னணி. அதில் கறுப்பில் மிகப்பெரிய ‘ழ’. அதன் பக்கத்தில் நாவை மேலே வளைத்து உச்சரிக்க முயலும் ஒரு சிறுமியின் முகம். வேறொன்றும் இல்லை. இந்தியில் ‘ழகரம் சொல்லப் பழகுவோம்’ என்றும் எழுதலாமே, பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராதே என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தோம். முடிவில், விளக்கங்களைத் தலைப்பு வரியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தருவது, படத்தில் மட்டும் தமிழெழுத்தே நிற்பது என்று தீர்மானித்தோம். படிக்கத் தெரியாத குழந்தையும் அந்த உருவத்தைப் பார்க்கிறது; பார்த்துப் பார்த்துப் பழகுகிறது. தொட்டுத் திறக்காமல் தள்ளிவிட்டுப் போனாலும், ஒரு ழகரத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டுதானே போகிறது! நம் பிள்ளைகளுக்கு இந்த அளவேனும் நாம் செய்ய வேண்டாமா?

இனி, தாய்மார்கள் மன்னிக்க வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறோம். நம் சிறுமியர் இருபது பேர் கோலாட்டம் ஆடினார்கள் என்றால், இருபது பேரின் முகமும் படத்தில் இருக்கவேண்டும் என்று இருபது தாய்மார்களும் விரும்புவது இயற்கை. ஆனால் நக அளவுப் படத்தில் இருபது முகம் இருபது எறும்புக்குச் சமானம். ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் பத்தொன்பது வீடுகளில் மனத்தாங்கல். இதற்கு நாம் கண்ட வழி, முகத்தை விடுத்து, இரண்டு கோல்கள் மோதிக்கொள்ளும் கணத்தைக் கைகளோடு பெரிதாக எடுப்பது. அதில் ஆட்டமும் தெரிகிறது, மனத்தாங்கலும் இல்லை. முகமே வேண்டுமாயின், அக்குழந்தையின் பெற்றோரிடம் அனுமதி பெற்ற பின்னரே வைக்கவேண்டும். சங்கத்துக்குள் மாட்டிய போட்டோவை நாம் மட்டுமே காண்போம். யூடியூப்பில் ஏற்றிய படத்தை யாரும் காணலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை கைவேலை. இனிச் சொல்வது மனச்சாட்சியைப் பற்றியது.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் வேறோர் ஊரில் இருக்கிறார். அவருடைய வயது முதிர்ந்த தாயார், தாம் மணமகளாக வடக்கே வந்த காலத்துக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். அதைப் பதிவு செய்த ஒரு சேனல்காரர், கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்ட ஒரு கணத்தை எடுத்து, ‘கதறி அழுத மூதாட்டி! நடந்தது என்ன?’ என்று சிவப்பெழுத்தில் எழுதி முகப்பில் வைத்துவிட்டார். அன்றிரவே கும்பகோணத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் உறவினர்கள் பதறிப்போய்ப் போன் செய்தார்கள். பெற்ற பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்களோ என்று ஊரார் பேசலானார்கள். காணொளியைப் பார்த்தவர்கள் பலர்தாம். ஆனால் அந்த அம்மையார் அதன்பின் காமிராவின் முன் உட்கார இசையவே இல்லை. அவர்களிடம் இருந்த கதைகளெல்லாம் அந்த ஒரு படத்தோடு நின்றுவிட்டன.

பார்சல் அலுவலகத்தில் நாம் அன்றாடம் காண்பது இது: மூட்டைக்குள் இருப்பது ஒன்று, மேலே எழுதிக் கொடுப்பது வேறொன்று என்றால் அதற்குத் தண்டம் உண்டு. சரக்கைப் பற்றிப் பொய்யான விவரம் தருவோரிடம் தண்டம் வசூலிக்க 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இடமளிக்கிறது. முகப்புப் படமும் மூட்டைமேல் ஒட்டிய சீட்டுதான். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யூடியூப் நிறுவனமும், படமும் தலைப்பும் ஆசைகாட்டும் பொருள் காணொளிக்குள் இல்லாவிடில், சிறப்பாகச் செய்திகள், நடப்பு நிகழ்ச்சிகள் பற்றியவற்றில், அத்தகைய காணொளிகளை இந்தியாவில் கடுமையாகக் கவனித்து நீக்கப்போவதாக அறிவித்தது. சட்டத்திற்கு அஞ்சி நேர்மையாக இருப்பது ஒரு படி. உறவுக்கு அஞ்சி நேர்மையாக இருப்பது அதனினும் உயர்ந்த படி.

பார்வையாளர் தொகை குறைந்துவிடுமே என்று இளைஞர்கள் அஞ்ச வேண்டா. காட்டப்படும் நூறு முறைகளில் இரண்டு முதல் பத்து முறை திறக்கப்படுவதே யூடியூப் சேனல்களிலும் காணொளிகளிலும் பாதியளவின் நிலை என்று அந்நிறுவனமே கூறுகிறது. மேலும், ஒரே காணொளிக்கு மூன்று படங்கள் வரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் இப்போது இருக்கிறது. அதில் வெற்றி எதைக்கொண்டு தீர்மானிக்கப்படுகிறது தெரியுமா? எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைக் கொண்டன்று. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைக் கொண்டே. ரயில்வேயிலும் ஏறியவர்களின் தலைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. அவர்கள் எத்தனை தூரம் பயணம் செய்தார்கள் என்றும் கணக்கிட்டுப் ‘பயணிக் கிலோமீட்டர்’ என்று எழுதுகிறோம். பொய்ப் பலகையைப் பார்த்து ஏறியவர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவார். உண்மைப் பலகையைப் பார்த்து ஏறியவரே கடைசிவரை வருவார்.

ஆகவே அன்பர்களே, நாம் கேட்டுக்கொள்வன மூன்று. படக்கலை அறிந்த இளைஞர்கள் ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் சங்கத்திற்குத் தரவேண்டும். ஒவ்வொரு படத்தையும் ஏற்றுவதற்கு முன், அதில் முகம் இருக்கிறவருக்கே முதலில் காட்டி, அவர் சரி என்ற பின் ஏற்றவேண்டும். வீட்டிலுள்ள பாட்டிமாரும் தாத்தாமாரும் தங்கள் நினைவுகளைப் பதிவு செய்ய அச்சமின்றி முன்வரவேண்டும். அவர்களை அழவைத்துக் காட்டமாட்டோம் என்று இம்மேடையில் உறுதி கூறுகிறோம்.

மாற்றலாகிச் சென்ற குடும்பத்தின் பிள்ளை ஒன்று, எங்கோ ஒரு குவார்ட்டர்ஸில் கைப்பேசியைப் புரட்டும்போது, மஞ்சளில் நிற்கும் அந்த ழகரத்தைக் கண்டு, “அம்மா, இது நம் எழுத்து!” என்று சொல்லுமாயின், நாம் பட்ட பாட்டுக்குக் கூலி கிடைத்துவிட்டது என்போம்.