கிராங்க் சீல் மாட்டும் கை



கார் நின்ற இடத்தில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்துக்கு நேர் கீழே எண்ணெய் சொட்டியிருந்தால், முதல் பழி கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் மீதுதான் விழும். நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தொடமாட்டார். மேலே டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தாலும், எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியே இறங்கி அதே இடத்தில்தான் சொட்டும். அதனால் முதலில் நன்றாகத் துடைப்பார், எஞ்சினை ஓடவிடுவார், ஈரம் எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பாதி மதிப்பெண்ணை நான் இதற்கே கொடுத்துவிடுவேன்.

காரணம் இருக்கிறது. சீல் மலிவு, அதை எட்டுவதுதான் செலவு. கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், கிளட்சும் ஃபிளைவீலும் கழல வேண்டும். மாட்டியது சரியா என்பதோ, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிய பிறகுதான் தெரியும். குழம்பைப் போல நடுவில் ருசி பார்க்க வழியில்லை.

பழைய சீலை நெம்பி எடுக்கும்போதே வித்தை தொடங்குகிறது. ஸ்க்ரூடிரைவர் நுனி ஷாஃப்டில் ஒரு கீறல் போட்டால் போதும், எவ்வளவு உயர்ந்த சீலும் கசியும். பழைய சீலின் உதடு பல வருடம் உரசியதில் ஷாஃப்டில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். இடமிருந்தால் புதுச் சீலைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி, உதடு தேயாத பரப்பில் படும்படி உட்கார வைப்பவர் அனுபவசாலி.

சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரே ஓரத்தில் சுத்தியலால் அடித்தால் சீல் சாய்ந்துவிடும்; சுற்றிலும் சமமாகத் தட்டித்தான் நேராக இறக்க வேண்டும். ரப்பர் சீலாக இருந்தால் உதட்டில் எண்ணெய் தடவுவது வழக்கம். இப்போது பல எஞ்சின்களில் வரும் டெஃப்லான் சீல் இதற்கு நேர்மாறு: உதட்டிலும் ஷாஃப்டிலும் எண்ணெய் படாமல், கூடவே வரும் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் வழுக்கி உலர்வாக ஏற்ற வேண்டும். பல வருடம் தொழில் செய்த கைதான் இங்கே பழக்கதோஷத்தில் எண்ணெய் டப்பாவைத் தேடும். அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கூச்சப்படாமல் படிக்கும் கிழவரை நான் மெச்சுகிறேன்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்தது. அதன் பின்பக்கம் உதட்டுச் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய மரை போன்ற காடி, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பிவிடும். நின்றால் அந்த வேலையும் நின்றது. “அம்பாசடர்னா சொட்டத்தான் சார் செய்யும்” என்று டிரைவர்கள் சொன்னது வெறும் சாக்கு இல்லை.

கடைசியாக பிரீதர். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேறும் வழி அதுதான். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நேற்று மாட்டிய சீல் வழியாகவே எண்ணெயைத் தள்ளும். பட்டறை பில்லில் ‘பிரீதர் சுத்தம்’ என்று ஒரு வரி இருந்தால், அந்தக் காசுக்கு மட்டும் பேரம் பேசாதீர்கள்.