மறைக்க என்ன இருக்கிறது?

தோழர்களே, தலசீமியா பரம்பரை ரத்தநோய். கடுமையாக இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தொங்கும் ரத்தப்பையில் குரூப் எழுதியிருக்கும், சாதி எழுதியிருக்காது.

ஆனால் நம் தாமிரபரணிக் கரையிலும் 'சம்பந்தம் அமையாது' என்று இதை மறைக்கிற வீடுகள் உண்டு. நோயைவிட அந்த ஒளிவுமறைவுதான் பிள்ளையைத் தனிமையில் தள்ளுகிறது.

தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள், சாதிக்குள் கட்டுவது அப்படிப்பட்ட இருவர் சேரும் வாய்ப்பைக் கூட்டும். 'ரத்தசுத்தம்' பேசும் அகமணத்தைக் கேட்காமல், பிள்ளையை ஏன் கூனிக்குறுக வைக்கிறோம்?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் ஹீமோபிலியாவும் உண்டு. சான்றிதழ் வாங்கக் கூடப் போங்கள். ரத்தம் கொடுங்கள், ஏற்றும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.