சூப்பர்வைசர் பதவியா, செவிலியர் பதிவெண்ணா?

(கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் இளம்பெண்களின் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில், செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



‘வேலையும் சாதியும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு தங்கை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். வயது 22. தென்மாவட்டத்துச் சேரி ஒன்றிலிருந்து, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த கையோடு தி.நகர் ஜவுளிக்கடைக்கு வந்தவள். உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். நான்கு வருடமாகப் புடவைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கடையில், “உன்னை ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆக்குறோம், 13,000 சம்பளம் 17,000 ஆகும்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கோ நர்சிங் படிக்க ஆசை. “நான் என்னக்கா செய்யட்டும்?” என்றாள்.

நர்சிங்குக்குப் போ என்றுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு டூட்டிக்குக் கிளம்பிப் போனால் அது நியாயமில்லை. ஏன் போகச் சொல்கிறேன், போனால் என்னென்ன இடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த சூப்பர்வைசர் பதவியைப் பார்ப்போம். ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் வந்தபோது ஊரே பேசியது. பேசிவிட்டு அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தது. கடைத் தொழிலாளர்கள் உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இல் சட்டமாக்கியது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் நடத்திய போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. சட்டம் இருக்கிறது. சில கடைகளில் ஸ்டூலும் இருக்கிறது. அதில் உட்கார்ந்த பெண்ணை எழுப்பிவிடுகிறவர் யார்? முதலாளி ஒவ்வொரு மாடியாக ஏறி வருவதில்லை. எழுப்புகிறவர் ஃப்ளோர் சூப்பர்வைசர்தான். கழிவறைக்குப் போய் எத்தனை நிமிடம் ஆனது என்று பார்ப்பதும், தாமதத்துக்குப் பிடித்தம் எழுதுவதும், கஸ்டமர் வாங்காமல் திரும்பினால் “ஏன் விட்டே?” என்று கேட்பதும் அந்தப் பதவிதான். நேற்றுவரை தன் பக்கத்தில் நின்ற பெண்களை இன்றுமுதல் நிற்கவைப்பதற்குத்தான் அந்தக் கூடுதல் 4,000. அந்தத் தங்கை இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். “நான் திட்டமாட்டேன்க்கா. ஆனா திட்டாத சூப்பர்வைசரை எத்தனை நாள் வச்சிருப்பாங்க?”

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பதவி உயர்வு வந்தால் சில பாதுகாப்புகள் போய்விடலாம். முன்பிருந்த தொழில் தகராறுச் சட்டப்படி, மேற்பார்வை வேலையில் இருந்துகொண்டு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்கள் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரவில்லை. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 18,000 என்று வைத்திருக்கிறது. உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கும், பதவிப் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் வழக்கு நடத்த வேண்டும். சம்பளம் 21,000ஐத் தாண்டினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ.யும் நின்றுவிடும். ஆகவே யாராவது பதவி உயர்வு தருகிறேன் என்றால் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். வாரவிடுப்பு உண்டா, மிகைநேரக் கூலி உண்டா, எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். அவளிடம் வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

இதில் சாதி எங்கே வருகிறது? கடைக்கு ஆள் எடுப்பது விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்து அல்ல. ஊர்க்காரர், சொந்தக்காரர், ஏற்கெனவே வேலை பார்க்கிறவர் என்று யாரோ ஒருவர் கூட்டிவருகிறார். மேலே போவதும் அப்படித்தான். நான் பார்த்த கடைகளில் கல்லாப்பெட்டியில் யார், கொள்முதலில் யார், குடோனில் மூட்டை தூக்குவது யார், தரை துடைப்பது யார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். நீங்களும் உங்கள் கடையில் எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுப் பெண் ஒருத்தி அத்தனையையும் மீறி சூப்பர்வைசர் ஆகிறாள் என்றால் அது அவளுடைய திறமை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதவி முதலாளியின் மனதில் மட்டுமே இருக்கிறது. நாளைக்கு அவர் முகம் சுளித்தால் பதவியும் இல்லை, அடுத்த கடையில் காட்டத் தாளும் இல்லை. தனியார் கடையில் இட ஒதுக்கீடு கிடையாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செவிலியம் அப்படி அல்ல. படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிகிறோம். 1926ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டப்படி வந்த பதிவேடு அது. அங்கே ஒரு எண் தருகிறார்கள். ஒரு மருத்துவமனை என்னை வேலையை விட்டு அனுப்பலாம், அந்த எண்ணை அது எடுத்துக்கொள்ள முடியாது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது 69 விழுக்காடு ஒதுக்கீடு பொருந்துகிறது. அதில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. யார் கூட்டிவந்தார் என்று அங்கே கேட்பதில்லை.

இந்த வேலையின் பழைய கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தது யார்? மருத்துவர் சமூகத்துப் பெண்கள், பல இடங்களில் தலித் பெண்கள். ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்பதால் அந்தக் கைகளும் தீட்டு. உயிரைக் காப்பாற்றிய பெண்ணுக்குக் கூலி கொஞ்சம் நெல், பழைய புடவை, வாசலுக்கு வெளியே ஓர் இடம். ஆதிக்க சாதிப் பெண்கள் அண்டாத வேலை என்பதால்தான் தொடக்கத்தில் செவிலியத்துக்கு அதிகமாக வந்தவர்கள் கிறிஸ்தவப் பெண்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946இல் பட்டப்படிப்பு தில்லியிலும் வேலூரிலும்தான் முதலில் வந்தது. மராட்டியத்தில் சாவித்திரிபாய் பூலே 1897இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அதே நோயில் இறந்துபோனார். தொட்டால் தீட்டு என்ற நாட்டில் தொடுவதையே வேலையாகச் செய்வது சாதாரணக் காரியமில்லை.

சாதி ஒருவரைத் தொழிலோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அப்படியானால் உடலழுக்கைத் துடைக்கும் வேலைக்கே திரும்பவும் நம் பெண்களை அனுப்புவதா என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பிறப்பால் தலையில் விழுந்த வேலைக்கும், உடற்கூறியலும் மருந்தியலும் படித்து, தேர்வெழுதி, சம்பளத்தோடும் விடுப்போடும் செய்யும் வேலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஊசியை எந்த நரம்பில், எந்த அளவில், எவ்வளவு வேகத்தில் போடுவது என்பது அறிவு. அந்த அறிவு நம் கையில் இருக்கட்டும். ஆனால் வார்டுக்குள் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டுப் பிரித்துக் காயத்தைத் துடைக்கும்போது “சிஸ்டர் எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று கேட்ட நோயாளிகள் எனக்கு இருந்திருக்கிறார்கள். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் அக்காவை ஒருமையில் விரட்டும் செவிலியர்களும் எங்களில் உண்டு.

சம்பள விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டார்கள். தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்தவர்களுக்கு அன்றைய தொகுப்பூதியம் 7,700 ரூபாய். ஒரு சேல்ஸ் கேர்ளுக்கே அதைவிட அதிகம் கிடைத்த காலம். கொரோனா வார்டில் கவச உடைக்குள் வெந்த ஒப்பந்தச் செவிலியர்கள் பலரை 2022 முடிவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் பரிந்துரைத்தது. உங்கள் தெருமுனை நர்சிங் ஹோமில் விசாரித்துப் பாருங்கள், சிரிப்பார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் அந்தத் தங்கை சூப்பர்வைசர் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வாங்கக்கூடும். அதைச் சொல்லித்தான் போகச் சொன்னேன்.

அதைவிடப் பெரிய தடை படிக்கும் காலம். டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நான்கு ஆண்டு. அவள் மாதம் 8,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்புகிறாள். மூன்று ஆண்டுக்கு 2,88,000. பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. அது மூன்று ஆண்டில் 36,000. மீதியை யார் கொடுப்பது? “கல்விதான் ஆயுதம்” என்று போஸ்டர் ஒட்டுகிறோம். ஒரு வீட்டில் மூன்று வருடம் உலை கொதிக்க வழி சொல்லாமல் அந்தப் போஸ்டரை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் வீட்டில் தம்பி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பைக்கில் சுற்றுகிறான். மூன்று வருடம் அவன் சம்பாதித்துப் போடட்டும் என்று அவள் அம்மாவிடம் போனில் சொன்னேன். “பொம்பளப் புள்ள படிச்சு என்னங்கம்மா” என்று ஆரம்பித்தார். இதுவரை அந்த வீட்டைக் காப்பாற்றியது பொம்பளப் புள்ளதானே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அவங்க அப்பாகிட்ட பேசுறேன்” என்றார்.

எல்லாரும் கடையை விட்டு ஓடிவிட்டால் கடையில் யார் சங்கம் வைப்பது என்று கேட்பார்கள். வைக்கத்தான் வேண்டும். ஸ்டூல் வாங்கிக் கொடுத்ததே போராட்டம்தான். அதற்காக இந்த ஒரு பெண்ணைப் பலியிடச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, நம் பெண்கள் அதிகம் ஏமாறும் ஓர் இடம். பேருந்து நிலையத்துப் பக்கத்தில் ‘நர்சிங், ஒரே ஆண்டு, 100 சதவீத வேலை’ என்று போர்டு இருக்கும். பெரும்பாலும் அவை உதவியாளர் பயிற்சிகள். அதை முடித்தால் குழுமத்தில் பதிய முடியாது. வெள்ளைக் கோட்டு மாட்டி, பாதிச் சம்பளத்துக்கு, செவிலியர் வேலையை உங்களிடம் வாங்குவார்கள். சேர்வதற்கு முன் இந்திய செவிலியர் குழுமத்தின் பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு கட்டணத்துக்காகத் தர மறுத்தால், சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். அரசுக் கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. குழும விதிப்படி டிப்ளமோவுக்கு உச்ச வயது 35. அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் வயதையும் பாடப்பிரிவையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நான்கு வருடம் கடையில் நின்றுவிட்டேனே, இனி எங்கே என்று நினைக்க வேண்டாம்.

சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கையில் வரச் சில வாரம் ஆகும். விண்ணப்பம் அறிவித்த பிறகு ஓடாதீர்கள், இந்த வாரமே போடுங்கள். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். சரி, ஒன்பது பேர். கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். எனக்கு இன்று இரவு ஷிப்ட்தான், எட்டு மணிவரை இருப்பேன்.